வாசலைத் தாண்டாத மருந்து

சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு விழா. ஓய்வு பெற்ற நர்சுகளையெல்லாம் தேடிப் பிடித்து மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் முறை வந்தபோது மைக்கைப் பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்தில் இவர்கள் காட்டிய கண்டிப்பைப் பாருங்கள்! மார்பியா ஊசி மருந்தில் ஒரு குப்பி, ஒரே ஒரு குப்பி, கணக்கில் வராமல் போனதுண்டா? இன்றைய பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயசானால் கோபம்கூட மெதுவாகத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இளம் நர்சுகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நெஜமாவே அவ்வளவு ஸ்டிரிக்டா மேடம்?" என்று கேட்டார்கள். இப்போது விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்களாம். புற்றுநோய்க்காரர்களுக்கு அதே மார்பியாவை, இப்போது மார்பின் என்கிறார்கள், மாத்திரையாக வீட்டுக்கே கொடுத்தனுப்பலாமாம். அதைக் கேட்டதும் என் கையிலிருந்த அப்பளம் நொறுங்கிவிட்டது. அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்ல ஒரு பந்தி நேரம் போதாது. அதனால் எழுதுகிறேன்.

நான் மாடம்பாக்கத்துக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக்குழுவுக்கும் வாத்தியார். எனக்கு நர்சிங் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அத்தை நர்ஸ், ஆகவே நானும் நர்ஸ். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். அறுபதுகளின் நடுவில் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சில வருடங்களில் வார்டு சிஸ்டர் ஆனேன். பிரசவமும் ஆபரேஷனும்தான் அங்கே முக்கிய வேலை.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அருளப்பன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கோபம் கூடக்கூட நாம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். புதிதாக வருகிற நர்சுகளுக்கு அது புரியாது. டாக்டர் ரொம்பச் சாந்தமானவர் என்று நினைத்துக்கொண்டு, "சார், சரியா கேக்கல" என்பார்கள். பிறகு ஸ்டோர் ரூமில் போய் அழுவார்கள். அவர் எழுதுகிற ஒவ்வொரு மருந்தையும் நாங்கள் அவருக்கே சத்தமாகத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. வலிக்குப் போட்ட ஊசி என்றால், நோயாளியின் நெற்றிச் சுருக்கம் இளகுகிற வரையில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "வலி போச்சான்னு அவங்களக் கேக்காதே. மூஞ்சியப் பாரு" என்பார்.

மார்பியா கொடுக்கும் முறையைப் பற்றி அந்தப் பெரியவர் மேடையில் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. மருந்து அறையில் ஒரு மர அலமாரி, அதற்குள் ஓர் இரும்புப் பெட்டி. வெளிச்சாவி என் இடுப்பில், உள்சாவி டாக்டர் பையில். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். அவர் எழுதுவார், நான் படிப்பேன், இன்னொரு நர்ஸ் சாட்சியாக நிற்பாள். குப்பியின் கழுத்தைச் சின்ன அரத்தால் கீறி, பஞ்சை வைத்து ஒடித்து, சிரிஞ்சில் ஏற்றி, மூன்று பேரும் அளவைப் பார்த்துவிட்டு ஊர்வலமாக நோயாளியிடம் போவோம். ஊசி போட்ட பிறகு ஒடிந்த கண்ணாடியைக்கூட எறியக் கூடாது. கழுத்தும் உடம்பும் ஜோடி பிரியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். போதை மருந்துகளைக் கண்காணிக்கிற இலாகாவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் அது குப்பைக்குப் போகும். தவறிக் கீழே விழுந்து உடைந்தால் அந்தச் சில்லுகளையும் பொறுக்கி வைத்து, பார்த்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. அது அபினிலிருந்து எடுக்கிற மருந்து. தப்பான கையில் சிக்கினால் ஆளையே விழுங்கிவிடும். பூட்டு வேண்டும், சாட்சி வேண்டும், டின்னும் இருந்துவிட்டுப் போகட்டும். என் கோபம் பூட்டின்மேல் இல்லை.

ஒரு வருடத்துக்கு உங்கள் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவுதான் மருந்து என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் முடிவு செய்தாரே, அவர்மேல்தான் கோபம். அடுத்த வருடம் தாம்பரத்தில் எத்தனை பேருக்கு வலிக்கும் என்று அவர் ஜோசியம் பார்த்தாரா, தெரியாது. ஒரு வருடக் கடைசியில் எங்கள் பெட்டி காலியாகிவிட்டது. புது மருந்துக்கான அனுமதி மேஜை மேஜையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஸ்டவ் வெடித்துச் சேலையில் தீப்பிடித்த ஒரு புதுப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் இருந்தது சாதாரணத் தலைவலி மாத்திரை. அதையும் வாழை இலையையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டோம். அவள் போட்ட கூச்சலில் எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் கதவைத் தட்டி, "இன்னா சார் நடக்குது உள்ள?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? அரசாங்கம் சிக்கனம் பிடிக்கிறது என்றா?

வெளியே கிளினிக் வைத்திருந்த டாக்டர்கள் பாடு இன்னும் மோசம். சட்டப்படி எழுத வழி இருந்தாலும் எழுதவே பயப்படுவார்கள். எழுதினாலும் மருந்துக் கடைக்காரர், "அபின் சமாச்சாரம் நமக்கு வேணாம் சார். நாளைக்கு வாசல்ல ஜீப் வந்து நின்னா யார் பதில் சொல்றது?" என்று கும்பிடு போட்டுவிடுவார். அது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். உடம்புக்கு ஆகவில்லை என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி, பெர்மிட் எடுத்து, பிராந்தி குடித்த கனவான்களை எனக்குத் தெரியும். ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கே சீட்டுக் கேட்டு வந்தார். டாக்டர் அருளப்பன் மிக மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அபினை வடக்கே அரசாங்கமே விளைவித்துக் கப்பல் கப்பலாக வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. எங்கேயோ இருக்கிற நோயாளி நிம்மதியாகத் தூங்கலாம், தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற செம்பாக்கத்துக்காரி தூங்கக் கூடாது.

அந்தச் செம்பாக்கத்துக்காரியின் பெயர் கன்னியம்மா. தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்றவள். புருஷன் ஏகாம்பரம் பல்லாவரத்து மலையில் கல் உடைக்கிறவன். மூன்று பிள்ளைகள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிய பிறகு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று ஏகாம்பரம் அவளை எங்களிடம் கொண்டுவந்தான். டாக்டர் படுக்கை தரத் தயாராக இருந்தார். ஆனால் எங்கள் வார்டுக்குள் பிள்ளைகளை விடுவதில்லை. கடைசிப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயசு இருக்கலாம். "சாவறதுன்னா என் வூட்ல சாவறேன் டாக்டரு. என் புள்ளைங்க மொகத்தப் பாத்துகினே போறேன். இங்க வெள்ளச் செவுத்தப் பாத்துகினு படுத்துனு இருக்க என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டாள்.

விதி என்ன சொன்னது என்றால், எங்களுக்கு அனுமதித்த மருந்து எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. மருந்து வெளியே போகக் கூடாது என்றால் நோயாளிதான் உள்ளே வர வேண்டும். ஆகவே தினமும் காலையில் ஏகாம்பரம் யாரிடமோ கேட்டு வாங்கிய மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்க வைத்து, செம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஓட்டி வருவான். முதுகெலும்பில் புற்று இருக்கிறவளை மாட்டு வண்டியில், அந்தக் காலத்து ஏரிக்கரைச் சாலையில். நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது வண்டி கண்ணில் படும் முன்பே அவள் குரல் கேட்கும்.

ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் வேறு ஆளாகிவிடுவாள். சாவி, சாட்சி, சிரிஞ்சு என்று நாங்கள் அணிவகுத்து வருவதைப் பார்த்து, "இன்னா சிஸ்டரு, ஒரு ஊசி குத்த இத்தினி பேரா? நான் இன்னா ஊர்வலம் வர்ற அம்மனா?" என்பாள். வெளியே மரத்தடியில் கீரை விற்கிற பெண்ணைக் கூப்பிட்டு, கட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இத்தப் போயி கீரைன்னு விக்கிறியே, மாடு துன்னுமா?" என்று வம்புக்கு இழுப்பாள். அவள் சிரிக்கும்போது வார்டே சிரிக்கும். பிறகு மறுபடி வண்டி, மறுபடி அந்தச் சாலை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போவசொல்ல பாதி, வர்றசொல்ல பாதி, உன் மருந்த வண்டியே துன்னுடுது சிஸ்டரு. வூட்டுக்குப் போனா மிச்சம் ஒண்ணுங் கெடையாது" என்றாள்.

ஏகாம்பரம் டாக்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். "டாக்டரய்யா, அந்த மருந்த எங் கையில குடுங்க. பத்தரமா எத்துகினு போறேன். நர்ஸம்மா வந்து வூட்டாண்டயே போடட்டும். வண்டியில அது கத்துற கத்தல்ல மாடே பேஜாராயி நின்னுடுதுங்க."

"குடுக்க முடியாதுப்பா. அது வாசலத் தாண்டினா ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க" என்றார் டாக்டர். குரல் ரொம்ப இறங்கியிருந்தது. ஏகாம்பரத்துக்குக் காதில் விழுந்திருக்காது. ஆனால் புரிந்துகொண்டு போனான்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்டர் லோகநாதன் சோதனைக்கு வந்தார். ஜீப்பில் வருவார், மெதுவாகப் பேசுவார், காபிக்கு நன்றி சொல்வார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டின்னைக் கவிழ்த்துக் குப்பிகளை எண்ணினார், சரியாக இருந்தது. ஆனால் புருவத்தைச் சுருக்கினார்.

"டாக்டர் சார், ஒரே பேஷண்டுக்கு இவ்வளவு போயிருக்கே? இது பழக்கமாயிடாதா?"

"அவங்க இன்னும் ரெண்டு மாசம் இருந்தா அதிகம்" என்றார் டாக்டர்.

"இருக்கலாம் சார். ஆனா அந்த ரெண்டு மாசத்துல அடிக்ட் ஆயிட்டாங்கன்னா பொறுப்பு யாரு?"

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடமாகியும் அது உள்ளே கிடந்து உறுத்துகிறது, அதனால் இப்போது கேட்கிறேன். சாகப் போகிறவள் மருந்துக்குப் பழகிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? செத்த பிறகு எழுந்து வந்து கேட்பாளா? வலிக்குப் பழகினால் பரவாயில்லை, நிம்மதிக்குப் பழகினால் குற்றமா? எங்கள் போதகர் ஒருவரும் அப்போது வலியைச் சிலுவையாகச் சுமக்க வேண்டும் என்று கன்னியம்மாவுக்குச் சொல்ல வந்தார். அவருக்குப் பல் வலி வந்து வாரம் முழுக்கப் பிரசங்கம் நின்றுபோனது எனக்குத் தெரியும். வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பினேன்.

டாக்டர் இன்ஸ்பெக்டரிடம் வேறொன்று கேட்டார். "நோயாளி ஆஸ்பத்திரி எல்லைக்குள்ள இருக்கணும், எங்க மேற்பார்வையில இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"எங்களுக்குக் கிளை வார்டு இருந்தா?"

"அது உங்க ஆஸ்பத்திரியோட பகுதிதானே? எங்களுக்குத் தகவல் கொடுத்துட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் காபிக்கு நன்றி சொல்லிக் கிளம்பினார்.

மறு வாரம் எங்கள் நிர்வாகக் குழு கூடியது. டாக்டர் அருளப்பன் முகத்தில் சிரிப்பில்லாமல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். செம்பாக்கத்தில் கிளை வார்டு. கட்டில், ஒன்று. இடம், ஏகாம்பரத்தின் குடிசையில் பாதி. விதியைக் கோடு தாண்டாமல் கடைப்பிடிக்கிற மனிதருக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும். ஏமாற்றுகிறவனுக்கு வராது. குழுவில் இருந்த பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். ஏகாம்பரம் தன் குடிசையை ஆஸ்பத்திரிக்கு விட்டதாகக் கைநாட்டு வைத்தான். இலாகாவுக்குத் தகவல் போனது.

எந்த வண்டியில் அவள் கத்திக்கொண்டு வந்தாளோ அதே வண்டியில் எங்கள் இரும்புக் கட்டில் செம்பாக்கத்துக்குப் போனது. மண்சுவரில் அலமாரி அடிக்க முடியாமல், கட்டைகளை நட்டு அதில் இன்னோர் இரும்புப் பெட்டியைச் சங்கிலியால் பூட்டினோம். வாசலில் ஆஸ்பத்திரிப் பெயரோடு ஒரு பலகை. தெருவே திரண்டு வந்து பார்த்தது. நானும் இன்னொரு நர்சும் மாறி மாறி அங்கே டியூட்டி, ஊசி நேரத்தில் இரண்டு பேருமே இருப்போம். இரண்டாவது சாவியோடு டாக்டரே சைக்கிளில் காலையும் மாலையும் வருவார். கால்சட்டையில் கிளிப்பு மாட்டிக்கொண்டு அவர் ஏரிக்கரையில் வருவதைப் பார்த்தால் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வரும். கன்னியம்மா கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, "ஆக, எம் புருசன் எங்க வூட்டுக்கே இனிமே விசிட்டிங் டைம்லதான் வரணுமா சிஸ்டரு? உம் புருசனும் சீட்டு வாங்கினுதான் உன் வூட்டுக்கு வர்றாரா?" என்றாள்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல கன்னியம்மா."

"அதான் இம்மாம் கோவம் வருது உனுக்கு!"

அந்த நாட்களைப் போல என் வேலையில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் ஊசி போட்ட பிறகு தூங்குவாள். கத்தல் இல்லாத தூக்கம். எழுந்ததும் மூத்த பெண்ணைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, பேன் பார்த்து, தலை பின்னுவாள். சின்னதுக்குச் சோறு ஊட்டுவாள். ஏகாம்பரம் மறுபடி மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் கீரையை அவள் கட்டிலின்மேலேயே கொட்டி ஆய்ந்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். எங்கள் வார்டில் அதை அனுமதித்திருக்க மாட்டேன். கிளை வார்டில் அனுமதித்தேன். நோய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது, அது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வலி மட்டும் வேலை நிறுத்தம் செய்திருந்தது.

மூன்றாவது வாரம் ஜீப் செம்பாக்கத்துக்கே வந்துவிட்டது.

லோகநாதன் குனிந்து குடிசைக்குள் நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், மூலையில் அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைப் பார்த்தார். "காம்பவுண்டுச் சுவர் எங்க சார்? வாட்ச்மேன் எங்க? இது வீடு சார்" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"நீங்கதானே கிளை வார்டுன்னா தகவல் போதும்னீங்க?" என்று கேட்டேன்.

"கிளை வார்டுன்னா இப்படியா இருக்கும்னு நான் நெனச்சேன், சிஸ்டர்? நாளைக்கு ஊருக்கு ஊர் ஒவ்வொரு வீட்டையும் வார்டுன்னு சொன்னா, அப்புறம் கட்டுப்பாடுன்னு ஒண்ணு எதுக்கு?"

கன்னியம்மா தலையைத் தூக்கினாள். "ஐயா, நான் இன்னாத்த திருடிட்டேன்? ஊசி போட்டா நோவாம கெடக்கறேன். அது இன்னா தப்பு?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. டாக்டரிடமே பேசினார். மருந்து இப்போதே தாம்பரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த மொத்த அனுமதியையும் நிறுத்தச் சொல்லி அவர் எழுத வேண்டியிருக்கும். அப்படி நிறுத்தினால் எங்களால் ஓர் ஆபரேஷன்கூடச் செய்ய முடியாது. அன்று தாம்பரம் வார்டில் வயிற்றைக் கிழித்துத் தைத்த ஆட்கள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். டாக்டர் சாவியை எடுத்து, என்னையும் எடுக்கச் சொல்லி, பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த குப்பிகள் ஜீப்பில் ஏறின.

எனக்கு டாக்டர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை. வேறு வழி இல்லை என்று தெரிந்தும் தணியவில்லை. தாம்பரம் திரும்பியதும் கேட்டேன்: "சார், ஒண்ணு ரெண்டு கீழ விழுந்து உடஞ்சதா எழுதிட்டு நான் கொண்டு போறேன். சில்லு காட்டறது என் பொறுப்பு."

"நீ காட்டுவே. அவர் நம்பாம மொத்தத்தையும் நிறுத்தினா, அந்த ரெண்டு பேருக்கும் அப்புறம் வர்றவங்களுக்கும் யார் பொறுப்பு?" என்றார். குரல் காற்றுப் போல இருந்தது. "கன்னியம்மாவ இங்க வரச் சொல்லு. பிள்ளைங்களயும் உள்ள விடுறேன். கமிட்டி என்ன சொல்லுதோ சொல்லட்டும்."

ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினோம். மறுநாள் காலையில் அவன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி பூட்டினான். ஏரிக்கரையில் மழையில் அரித்துப் போயிருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. கன்னியம்மாவின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. புற்று அரித்த எலும்பு, அதற்கு ஒரு பள்ளம் போதும். பிள்ளைகள் எதிரிலேயே. தாம்பரத்தை விட வீடு கிட்டே இருந்ததால் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தகவல் வந்து நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவளைத் தொடக்கூட முடியவில்லை. சேலை நுனி பட்டாலே அலறினாள். இனிமேல் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டில் இருந்தது, பலகை இருந்தது, நாங்கள் எல்லோரும் இருந்தோம். மருந்து தாம்பரத்தில் இரண்டு பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

டாக்டர் அன்றைக்கே மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போனார். தனி அனுமதி கேட்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு இலாகா அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி கேம்ப் போயிருக்கிறார் என்றார்கள். மறுநாளும் போனார். அதிகாரி வந்திருந்தார், ஆனால் மீட்டிங்கில் இருந்தார். மாலை வரை பியூன் உட்காரச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மனுவைக் கொடுத்து, பரிசீலிக்கிறோம் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் எழுந்து நிற்காமல் அவர் முன்னால் பேசியதில்லை. அந்த மனிதரைப் பியூன் உட்கார வைத்தான்.

அதற்குள் நான் கன்னியம்மாவுக்குத் தலைவலி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சிஸ்டரு, அந்த ஊசி கீதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பாள், மறுபடி சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னாள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று எந்த வீட்டுக்காக அடம் பிடித்தாளோ, அந்த வீட்டிலிருந்து அவளே பிள்ளைகளை வெளியே அனுப்பினாள், தன் சத்தம் அவர்கள் காதில் விழக் கூடாது என்று. ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்த டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லி ஏகாம்பரம் முக்காலியைப் போட்டான். அவர் உட்காரவில்லை. விடிந்த பிறகு அவள் போனாள். முகம் கடைசி வரைக்கும் இளகவில்லை.

கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தோம். பலகையை ஏகாம்பரம் தானே கழற்றிக் கொடுத்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ரொம்ப சிரமப்பட்டீங்க டாக்டரய்யா" என்று கும்பிட்டான்.

அடுத்த சோதனைக்கு லோகநாதன் வழக்கம்போல வந்தார். டின்னைக் கவிழ்த்து எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே டாக்டர் சார்! இந்தத் தடவ உபயோகம் நல்லாவே குறைஞ்சிருக்கே. சொன்னதுக்கப்புறம் கன்ட்ரோல் வந்துடுச்சு பாத்தீங்களா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேசினேன்.

"கன்ட்ரோல் ஒண்ணும் இல்ல சார். அந்தம்மா செத்துட்டாங்க. ஊசி இல்லாம செத்தாங்க."

அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அடடா" என்றார். மனசார வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பேனாவைத் திறந்து, மருந்துக் கணக்கேட்டில் 'உபயோகம் குறைந்துள்ளது, திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சி என்று இருந்த இடத்தைக் காட்டி, "சிஸ்டர், நீங்க இங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என்ன சொல்லியும் போடவில்லை. டாக்டர் என்னை வற்புறுத்தவில்லை.

தனி அனுமதி கேட்டு டாக்டர் கொடுத்த மனுவுக்கு, நான் ஓய்வு பெற்ற நாள் வரையிலும் பதில் வரவில்லை. வார்டு சிஸ்டரின் கையெழுத்து ஏன் விட்டுப்போனது என்று கேட்க மறு வாரமே மேலிடத்திலிருந்து ஜீப் வந்தது.